ஆக்டனில் ஒரு கல்லை மறைத்த கதை

விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி, "எதற்காக வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"கல் வைக்க" என்றேன்.

மனிதர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே நின்றது பருத்திப் புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட, ஐம்பதைத் தாண்டிய ஒரு கோயம்புத்தூர்ப் பெண்பிள்ளை. ஜப்பானியப் புத்தர் கோயில் ஒன்றுக்குத் தோட்டம் அமைக்க வந்திருக்கிறேன், அதில் ஏழு கல் வரும் என்று விளக்கினேன். "ஜப்பானியக் கோயில். லண்டனில். தோட்டம் போட இந்தியாவிலிருந்து நீங்கள்" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். "கற்களும் பெட்டியில் இருக்கின்றனவா?"

"இல்லை. அவை வேல்ஸ் மலையிலிருந்து எனக்கு முன்பே வந்துவிட்டன."

சிரித்தபடி முத்திரை குத்தினார். என் தொழிலைப் பற்றி எங்கள் சொந்தக்காரர்கள்கூட இத்தனை பொறுமையாகக் கேட்டதில்லை.

வெளியே நேசன் வேனோடு காத்திருந்தார். அந்தக் கோயிலின் கட்டட வேலைகளை எடுத்துச் செய்கிறவர். யாழ்ப்பாணத்துக்காரர். இளவயதில் அகதியாக வந்து, பெட்ரோல் பங்க்கில் ஷிப்ட் பார்த்து, பிறகு செங்கல் அடுக்கப் பழகி, இப்போது சொந்தமாகத் தொழில் நடத்துகிறார். கோயிலில் எனக்கு அறை இல்லை என்றதும், "எங்கட வீட்டில தங்கட்டும்" என்று சொன்னவர் அவர்தான்.

"களைச்சுப் போயிருப்பியள் அக்கா. பிள்ளையள் ரண்டும் யூனிவர்சிற்றிக்குப் போட்டுதுகள். அறை சும்மாதான் கிடக்கு" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

ஹரோவில் ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும் வீடுகளில் ஒன்று அவருடையது. வாசலில் ரோஜா, பின்னால் கறிவேப்பிலைத் தொட்டி. அவர் மனைவி வசந்தி ஆவி பறக்கும் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்துவிட்டு, நான் போதும் என்று சொல்லச் சொல்ல இன்னொரு கரண்டி போட்டார். "உங்கட ஊரில உறைப்பு இல்லாமல் சாப்பிடுவினமாம், உண்மையே?" என்று கேட்டார். குழம்பு நாக்கைச் சுட்டு, கண்ணில் நீர் வந்துவிட்டது. எங்கள் ஊர் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் சாப்பிட்டு முடித்தேன்.

நான் எப்படி இதில் மாட்டினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடமாக நான் போட்டதெல்லாம் ரிசார்ட் புல்வெளி, ஐ.டி. கம்பெனி வாசலில் பனைமரம், கல்யாண மண்டபத்து நீரூற்று. மனசுக்குப் பிடித்துச் செய்தது ஒன்றே ஒன்று, கோவையில் ஓர் ஆஸ்பத்திரி முற்றத்தில் வைத்த மூன்று கற்கள். இந்தியாவுக்கு யாத்திரை வந்த கெய்ஷின் என்ற ஜப்பானியப் பெண் துறவி, கூட வந்தவருக்கு உடம்புக்கு முடியாமல் போக, அந்த முற்றத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். லண்டன் திரும்பியதும் எனக்கு எழுதினார். ஆக்டனில் ஒரு பழைய சர்ச் மண்டபத்தை வாங்கிக் கோயிலாக்கியிருக்கிறோம், பின்னால் ஒரு துண்டு நிலம் இருக்கிறது, அமைதியாக உட்கார்ந்து பார்க்க ஒரு தோட்டம் வேண்டும், வருவீர்களா என்று.

ஊரில் எல்லோரும் ஒரே வசனம். "அட, காஞ்சிபுரத்துச் சாமியார் ஒருத்தர்தானே சீனாவுக்குப் போய் இதையெல்லாம் ஆரம்பிச்சு வெச்சாரு! நம்ம சரக்குதான்!" நான் அதைக் கெய்ஷினிடம் சொன்னபோது அவர் முகம் மாறாமல், "லண்டனில் எந்தத் தமிழரைச் சந்தித்தாலும் முதலில் இதைத்தான் சொல்கிறார்கள்" என்றார்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. கோயில் குழுவுக்கு அந்த நிலத்தின் மீது வேறொரு கண். தலைவர் ஹார்வி, முழங்கால் வலியோடு தடியூன்றி வரும் வயதான ஆங்கிலேயர். காரைப் பெரிய தெருவில் விட்டுவிட்டு நொண்டி நொண்டி வருகிறவர். அங்கே சிமெண்ட் போட்டால் வயதானவர்களின் கார் நிறுத்தலாம் என்பது அவர் கட்சி. அதையும் தப்பென்று சொல்ல முடியாது. கடைசியில், சனிக்கிழமை குழு வந்து உட்கார்ந்து பார்க்கும், மனசுக்குப் படவில்லை என்றால் கல்லை எடுத்துவிட்டு சிமெண்ட் என்று முடிவாகியிருந்தது. ஏரோப்பிளேன் ஏறி வந்து சிமெண்ட் பார்த்துவிட்டுத் திரும்ப நான் தயாரில்லை.

முதல் நாள் காலை நேசன் வேறு வேலையாக முன்னாலேயே போய்விட்டார். "நான் ரயிலில் வந்துக்கறேன், இதென்ன பெரிய காரியம்" என்று வீராப்பாகக் கிளம்பினேன். ஹரோவில் எதிர்ப்பக்கத்து மெட்ரோபொலிட்டன் ரயிலில் ஏறிவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே வீடுகள் குறைந்து வயல் வந்தது, பிறகு மாடு வந்தது. லண்டனுக்குள் ஏது இத்தனை மாடு என்று யோசிக்கும்போதே கடைசி ஸ்டேஷனான ஆமர்ஷம் வந்துவிட்டது. பிளாட்பாரத்தில் நாய்க்குட்டியோடு நின்ற ஓர் அம்மாளிடம் ஆக்டன் எங்கே என்று கேட்டேன். அவர் நான் வந்த திசையைப் பரிதாபமாகக் காட்டி, "கண்ணே, அது ரொம்ப தூரம்" என்றார்.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்து நிலத்தைப் பார்த்தேன். மூன்று பக்கமும் செங்கல் சுவர். ஒரு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ட்ராம்போலினில் குதிக்கும்போதெல்லாம் சுவருக்கு மேல் தலைகள் எழுந்து எழுந்து மறைந்தன. ஹீத்ரோவில் இறங்கும் விமானங்கள் தலைக்கு மேல் வரிசையாகப் போயின. இங்கே தியானமா? கெய்ஷின் சின்ன உருவம், என் வயதிருக்கும், மொட்டைத் தலை, கையில் எப்போதும் ஒரு உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட். "விமானம் நமக்கு முன்பே இங்கே இருந்தது" என்று சொல்லிப் பாக்கெட்டை நீட்டினார்.

மண்டபத்தின் பின்புறம் நீளமாக ஒரு மரத் தாழ்வாரம் கட்டியிருந்தார் நேசன். அதில் உட்கார்ந்துதான் தோட்டத்தைப் பார்க்க வேண்டும். எதிரே வெள்ளைச் சரளை, அதில் ஏழு கல். வரைபடத்தைப் பார்த்து நேசனின் ஆட்கள் ஏற்கெனவே ஒரு வேலையை முடித்திருந்தார்கள். தோட்டத்தைச் சுற்றி ஒரு கல் பாதை.

"இந்தப் பாதை யாருக்கு?" என்று கெய்ஷின் கேட்டார்.

"வருகிறவர்களுக்கு. சுற்றி வருவார்கள்."

"ஏன் சுற்ற வேண்டும்?"

ஏன் என்று யாராவது கேட்பார்களா? கோயில் என்றால் சுற்றுவோம். பிள்ளையார் என்றால் மூன்று சுற்று, அரச மரம் என்றாலும் சுற்று. வரைபடம் போடும்போது கை தானாகப் போட்டிருக்கிறது. ஆனாலும் நான் விடவில்லை. "சுற்றினால்தான் இடம் மனசில் உட்காரும்" என்று வாதாடினேன். அவர் நேசனைக் கூப்பிட்டு, "நீங்கள் சுற்றுங்கள்" என்றார். "நாம் உட்காருவோம்" என்று என்னையும் பலகையில் உட்கார்த்தினார்.

நேசன் ஆரஞ்சு நிறச் சட்டையோடு பாதையில் நடந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கல்லைப் பார்த்தேன். கண் கேட்டால்தானே? இடப்பக்கம் ஆரஞ்சு, வலப்பக்கம் ஆரஞ்சு, இதோ மூலையில் ஆரஞ்சு. கொஞ்ச நேரத்தில் கெய்ஷின், "நான் நேசனைத் தவிர எதையும் பார்க்கவில்லை" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து, "பாதையைப் பெயர்த்துவிடலாம்" என்றேன்.

நேசனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "என்னக்கா நீங்கள்! வடிவா மட்டம் பார்த்துப் பதிச்சது. சுத்த ஏலாட்டி அது என்ன கோயில்?"

"நம்ம கோயில் இல்லையே நேசன்."

"சாமி எண்டா எல்லாம் ஒண்டுதானே" என்று முணுமுணுத்துக்கொண்டே கடப்பாரையை எடுத்தார்.

அடுத்து வந்த நாட்கள் முழுக்க மழையும் கல்லும்தான். ஜூன் மாதத்தில் இப்படியொரு குளிர் மழை பெய்தால் எங்கள் ஊரில் ஊட்டி என்று சொல்லி டிக்கெட் போடுவார்கள். கோவையில் நாங்கள் ஜேசிபி என்கிற யந்திரத்தின் குட்டியை நேசன் டிக்கர் என்றார். அதில் பட்டை கட்டிக் கல்லைத் தூக்குவார், நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டு கத்துவேன். "இடது! இன்னும் கொஞ்சம் இடது! தலையைச் சாய்ங்க! கல்லோட தலையை, உங்க தலையை இல்லை!" கல்லை மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் புதைக்க வேண்டும், வைத்த மாதிரி இருக்கக் கூடாது, முளைத்த மாதிரி இருக்க வேண்டும். ஒரே கல்லை எடுத்து எடுத்து வைத்ததில் நேசனின் ஆட்கள் என்னைப் பார்த்தாலே தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்கள். எனக்கு வெட்கமே இல்லை. திரும்ப எடுங்கள் என்றேன்.

மதியம் கெய்ஷின் சோற்று உருண்டை கொண்டுவருவார், நடுவில் புளிப்பும் உப்புமாக ஊறிய பழம். நம் நார்த்தங்காய் ஊறுகாய்க்கு ஜப்பானில் ஒரு தங்கை இருக்கிறாள் என்று தோன்றியது. பதிலுக்கு வசந்தி கட்டிக்கொடுத்த உளுந்து வடையை நீட்டினேன். அன்றிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டைக் காணவில்லை.

இனி ஏழாவது கல். இந்தத் தோட்டத்தில் நான் உயிரை விட்டு வரைந்தது அதைத்தான். முன்னால் இரண்டு பெரிய கற்கள் லேசாக ஒன்றையொன்று மறைத்தபடி நிற்கும். அவற்றுக்குப் பின்னால் இடுப்பளவு உயரத்தில் ஏழாவது. தாழ்வாரத்தில் எங்கே உட்கார்ந்தாலும் அது கண்ணில் படாது. ஜப்பானியர்கள் பழைய தோட்டங்களில் செய்கிற காரியம்தான். எல்லாவற்றையும் கண்ணால் பிடித்துவிட முடியாது, பார்க்க முடியாததும் இருப்பதில் சேர்த்தி என்பது பௌத்தர்களின் எண்ணம். நமக்கு இது நேர்மாறு. வரிசையில் நெருக்கியடித்து, எட்டிப் பார்த்து, முன்னால் நிற்பவரின் தலையை நகர்த்தச் சொல்லி, முழு உருவத்தையும் நேருக்கு நேர் பார்த்தால்தான் நமக்குத் தரிசனம். கெய்ஷின் என் வரைபடத்தை ஏற்றதே இந்தக் கல்லுக்காகத்தான்.

அதை இறக்கி வைத்துவிட்டு நேசன் தாழ்வாரத்துக்கு வந்தார். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தார். குனிந்து பார்த்தார்.

"தெரியேல்லையே அக்கா."

"தெரியக் கூடாது. அதுதான் விஷயம்."

"ஒருத்தருக்கும் தெரியாதோ?"

"யாருக்கும்."

வண்டியில் ஹரோ திரும்பும்வரை அவர் பேசவே இல்லை. களைப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பெரும்பாலும் எல்லாம் முடிந்துவிட்டது. சரளையை வாரி விடுவதுதான் பாக்கி. வசந்தி பிடித்துக்கொண்டார். "நாளைக்கு அவையள் வந்து பாக்கினம். பிள்ளையாருக்கு ஒரு அர்ச்சனை செய்யாமல் என்னெண்டு போறது? வெளிக்கிடுங்கோ, விம்பிள்டன் கோயிலுக்குப் போட்டு வருவம்." நாங்கள் இருவரும் போனோம், நேசன் ஆக்டனில் வேலையாக இருந்தார். அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டார், என்னுடையதைச் சொன்னேன். தோட்டத்துக்கு என்ன நட்சத்திரம் என்று வசந்தி யோசித்துக் கடைசியில் நேசனுடையதைச் சொல்லிவிட்டார். திரும்பும்போது ரயில் ஒரு பாலத்தின் மேல் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பெட்டியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நம் ஊராக இருந்தால் இதற்குள் பாதிப் பேர் தண்டவாளத்தில் இறங்கி, மீதிப் பேர் சம்பந்தம் பேசியிருப்பார்கள்.

சாயங்காலம் இருவரும் ஆக்டன் போய்ச் சேர்ந்தோம். தாழ்வாரத்தின் கதவைத் திறந்தேன். ஏழாவது கல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

நட்டநடுவில். கதவுக்கு நேர் எதிரே. நிமிர்த்தி வைத்து, கழுவி, மூன்று கோடு விபூதி பூசி, நடுவில் குங்குமப் பொட்டு. தலையில் ஒரு செவ்வந்திப் பூ வேறு.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "நேசன்!" என்று போட்ட கத்தலில் ட்ராம்போலின் நின்றது. "யாரைக் கேட்டு இதை எடுத்தீங்க?"

நேசன் சுவரோரம் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒருத்தருக்கும் தெரியாத இடத்தில கிடந்தது அக்கா. வாற சனம் கும்பிட வேண்டாமே? கதவைத் திறந்த உடனை தெரியிற மாதிரி வடிவா வச்சன்."

"டிக்கர் எங்கே?"

"வாடகைக்கு எடுத்தது. குடுத்திட்டன். கடை இனித் திங்கள்தான்."

"அடப்பாவி! நாளைக்குக் காலையில குழு வருது! நாலு நாள் இதுக்குத்தானே தொண்டை கிழியக் கத்தினேன்? உங்களுக்குப் புரியலைன்னா கேட்டிருக்கலாமே!"

துணியைக் கீழே போட்டார். அவர் குரல் உயர்ந்ததை அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டேன். "எனக்கு விளங்கேல்லை எண்டு நினைக்கிறியளோ? விளங்கினதாலைதான் அக்கா எடுத்தனான். என்ர அண்ணை கடைசிச் சண்டையோட காணாமல் போனவர். இருக்கிறாரோ இல்லையோ ஒருத்தருக்கும் தெரியாது. அம்மா சாகுமட்டும் அவற்ற படத்துக்கு மாலை போட விடேல்லை. எங்கட வீட்டில ஏற்கெனவே ஒருத்தர் ஒளிச்சுத்தான் இருக்கிறார். இஞ்சயும் ஒண்டை ஒளிச்சு வை எண்டு என்னட்டையே சொல்லுறியள். என்ர கையாலை வைக்கச் சொல்லுறியள். என்னாலை ஏலாது."

நான் அங்கே கிடந்த வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றார்.

சத்தம் கேட்டுக் கெய்ஷின் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. நேசன் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கல்லின் பொட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு நேசனுக்கு முன்னால் கைகூப்பித் தலைகுனிந்தார். "நேசன் சொல்லட்டும். முன்னாலேயே இருக்க வேண்டுமென்றால் இதுதான் தோட்டம். நாளைக்குக் குழுவிடம் நான் பேசிக்கொள்கிறேன்."

என் வாய்வரை வந்துவிட்டது, முடியவே முடியாது என்று. அது நடுவில் நின்றால் மற்ற ஆறும் செத்துப்போகும், குழு ஒரு நொடியில் கணக்குத் தீர்த்துவிடும். எனக்குத் தெரியும். ஆனால் அந்த மனிதரிடம் அதை எப்படிச் சொல்வேன்? பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். என் வாழ்க்கையில் நான் சும்மா இருந்தது மிகக் குறைவு.

நேசன் தாழ்வாரத்தில் ஏறி உட்கார்ந்தார். இத்தனை நாளில் அவர் அங்கே வேலைக்காக இல்லாமல் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. விமானங்கள் போயின. வசந்தி தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார், தொடவில்லை. கல்லும் அவரும் நேருக்கு நேர்.

ஆறிப்போன பிறகு கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். "அக்கா, உது நடுவில நிண்டு என்னையே பாக்குது. உப்பிடிப் பாத்தா நான் என்னெண்டு இருக்கிறது? எடுப்பம். அங்கையே போகட்டும்."

"எனக்காகச் சொல்லாதீங்க நேசன்."

"உங்களுக்காக இல்லை. அண்ணை எங்கை எண்டு எனக்குத் தெரியாது. உந்தக் கல்லு எங்கை இருக்கு எண்டாவது எனக்குத் தெரியும்தானே."

வசந்தி அழுதுவிட்டார். நானும்தான்.

எடுப்பது சரி, எதைக் கொண்டு? நேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் அது வெள்ளிக்கிழமைப் பூசை நேரம். அங்கே தேர் வேலைகளைப் பார்க்கிற ஒருவரைக் கூப்பிட்டார். "அண்ணை, பூசை முடிஞ்சுதோ? தேர் இழுக்கிற ஆக்களில நிக்கிறவையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஓம், வடத்தோட. ஓம், கட்டையும். இல்லை, தேர் இல்லை. கல்லு."

கோடையில் லண்டனில் சூரியன் போகவே மனமில்லாமல் நிற்கும். அந்த வெளிச்சத்திலேயே இரண்டு கார் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். வேட்டியும் நெற்றி நிறைய விபூதியும், மேலே மழைச் சட்டை. ஒருவர் கணக்காளர், ஒருவர் பஸ் ஓட்டுபவர், ஒருவர் கடை வைத்திருப்பவர். வருடா வருடம் ஈலிங் தெருக்களில் தேர் இழுத்துப் பழகிய கைகள். கல்லைச் சுற்றி ஒரு முறை நடந்தார்கள். பலகை போட்டார்கள், அதன் மேல் இரும்புக் குழாய்களை உருளைகளாக வைத்தார்கள், வடத்தைக் கட்டினார்கள். தேருக்குச் சக்கரத்தடியில் கட்டை கொடுக்கிற ஆள் யார் என்று கேட்டு, கணக்காளரை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். கல் சறுக்கினால் கட்டையைக் கொடுத்து நிறுத்துவது அவர் பொறுப்பு.

கெய்ஷின் அங்கியின் கைகளைச் சுருட்டிக்கொண்டு வடத்தைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் வசந்தி, அவருக்குப் பின்னால் நான்.

"அரோகரா!" என்று முன்னால் நின்றவர் குரல் கொடுத்தார்.

"அரோகரா!" என்றோம் எல்லோரும். கெய்ஷினும் சொன்னார், முதல் தடவை கொஞ்சம் கோணலாக, மூன்றாவது தடவை சுத்தமாக. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ட்ராம்போலினில் குதித்துக் குதித்து எங்களோடு கத்தினார்கள். ஒரு தரம் உருளை நழுவிக் கல் சாய்ந்தது. கணக்காளர் கட்டையைச் சொருகினார், நின்றது. எனக்கு உயிர் திரும்பி வந்தது. பெரிய கற்களைச் சுற்றி வளைத்து, பின்னால் கொண்டுபோய், பழைய குழிக்குள் கடப்பாரையால் நெம்பி இறக்கும்போது நேசன் கத்தினார்: "பொறுங்கோ! பொட்டு இருக்கிற பக்கம் சுவரைப் பாக்கட்டும்."

அப்படியே இறக்கினோம். தாழ்வாரத்துக்கு ஓடிப்போய் முனைக்கு முனை உட்கார்ந்து பார்த்தேன். ஆறு. எங்கிருந்து பார்த்தாலும் ஆறு.

சனிக்கிழமை மழை இல்லை. ஹார்வி தடியை ஊன்றி வந்தார், பின்னால் குழுவினர். உட்காரச் சொன்னோம். முழங்கால் மடங்காததால் அவருக்கு மட்டும் ஒரு முக்காலி. கொஞ்ச நேரம் கழித்து அவர் உதடு அசைந்தது, எண்ணுகிறார் என்று தெரிந்தது. திரும்ப எண்ணினார்.

"ஏழு என்று சொன்னீர்கள். ஆறுதான் இருக்கிறது."

"ஏழு இருக்கிறது" என்றார் கெய்ஷின்.

ஹார்வி முக்காலியை நகர்த்தினார். இன்னும் நகர்த்தினார். மறு முனைவரை போய்விட்டார். கீழே இறங்கிப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். கெய்ஷின் தலையசைத்து மறுத்தார். மனிதர் கோபிப்பார் என்று பார்த்தேன். அவர் தடியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மற்றவர்கள் தேநீருக்கு உள்ளே போனார்கள். அவர் போகவில்லை. நான் கோப்பையை எடுத்துக்கொண்டு போனபோது திரும்பாமலே சொன்னார்: "காரைப் பெரிய தெருவிலேயே விட்டுவிடுகிறேன். நாளைக்கும் வந்து உட்கார வேண்டும்போல் இருக்கிறது."

கோப்பையை அவர் பக்கத்தில் வைத்தேன். உள்ளே ஓடிப்போய் வசந்தியைக் கட்டிக்கொண்டேன்.

ராத்திரி நல்ல மழை. ஞாயிறு காலை எனக்கு விமானம். பெட்டியை வேனில் ஏற்றிய நேசன், "ஆக்டனுக்கு ஒருக்காப் போட்டுப் போவம் அக்கா, சாமியம்மா சாவி தந்தவ" என்றார். முந்தின நாள் வந்தவர்கள் ஓரத்தில் சரளையை மிதித்துவிட்டிருந்தார்கள். அதை வாரிச் சரி செய்ய ஒவ்வொரு வாரமும் ஓர் ஆள் வேண்டும். "நானே செய்யிறன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டாராம். வீட்டில் எனக்குச் சொல்லவில்லை.

நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன். நேசன் செருப்பைக் கழற்றிவிட்டு, அகலப் பல் வைத்த மர வாரியோடு இறங்கினார். முன்பக்கத்திலிருந்து தொடங்குவார் என்று பார்த்தேன். நேராகப் பின்னால் போனார். பெரிய கற்களுக்கு அப்பால் மறைந்துவிட்டார். சரளை மேல் வாரி இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. சுற்றுகிறார் என்று சத்தத்திலேயே தெரிந்தது, வலமாக. ஒரு சுற்று, இன்னொன்று, இன்னொன்று. அவர் காலடி பதிய பதிய வாரி அதை அழித்துக்கொண்டே வந்திருக்கும்.

வெளியே வரும்போது அவர் விரல் நுனியில் குங்குமம் ஒட்டியிருந்தது.

"மழையிலை கொஞ்சம் கரைஞ்சு போச்சு அக்கா" என்றார். "திருப்பி வச்சிட்டன்."